மிதிவண்டியில் மணாலி முதல் லே வரை: ஏற்றத்தின் கணக்கு

விடுமுறைப் பயணத்திற்கென்று சேமிக்கும் வாடிக்கையாளர்களிடையே, அண்மைக் காலமாக மிதிவண்டிப் பயணிகளும் காணப்படுகின்றனர். அவர்களிற் பலருடைய கனவு, இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் மலைப்பாதை ஆகும். ஏறத்தாழ 475 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் இறுதி வரையிலேயே பயணத்திற்கு ஏற்றது. இதனை முன்னிறுத்தி, பயண மிதிவண்டியின் இயல்பையும் மலையேற்றத்தின் கணக்கையும் இங்குக் காண்போம்.

வண்டியின் அமைப்பு

பயண மிதிவண்டி விரைவுக்காக அமைந்ததன்று, சுமைக்காக அமைந்தது. இதன் சட்டம் பெரும்பாலும் எஃகினால் ஆனது. இரு சக்கரங்களுக்கும் இடையிலான தொலைவு சற்று அதிகம். ஆதலால் பாரம் ஏற்றினாலும் வண்டி தள்ளாடுவதில்லை. முன்னும் பின்னும் கேரியர் பொருத்தத் திருகுத் துளைகள் உண்டு. பைகளைச் சக்கரத்தின் இரு பக்கங்களிலும் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். முதுகில் சுமக்கும் பை, பயணியின் தோளையும் வண்டியின் சமநிலையையும் ஒருங்கே கெடுக்கும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது கியர். முன் பல்சக்கரத்தில் 26 பற்களும் பின் பல்சக்கரத்தில் 34 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனில், மிதிகட்டை ஒரு முறை சுழலும்போது வண்டி 1.6 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகம் கிட்டும். நம் ஊர்த் தெருக்களில் ஓடும் கியர் இல்லாத வண்டியோ ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்கு மேல் நகர்கிறது. அதே ஏற்றத்தில் அவ்வண்டியை மிதிக்க மூன்று மடங்குக்கும் மிகுந்த விசை வேண்டும். சிறு தவணையில் நெடுங்காலம் கடனைச் செலுத்துவதற்கும், பெருந்தவணையில் விரைந்து செலுத்துவதற்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது. மொத்த உழைப்பு குறைவதில்லை. ஒவ்வொரு மிதிப்பின் பளுவே குறைகிறது.

மொத்த உழைப்பை அறிவதும் எளிது. ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 100 கிலோ எனில், 1,000 மீட்டர் உயரம் ஏற, உடல் ஏறத்தாழ 1,000 கிலோ கலோரி செலவிட நேரிடும். தேவையற்ற 5 கிலோ சுமையைக் குறைத்தால் ஏற்றத்தின் உழைப்பு நூற்றுக்கு ஐந்து குறையும். புறப்படுமுன் பைகளை எடைபோட்டுப் பார்ப்பது நலம்.

வழியின் அழகு

இவ்வழியில் உழைப்புக்கேற்ற காட்சிகள் குறைவற உண்டு. தாண்டி என்னுமிடத்தில் சந்திரா, பாகா ஆறுகள் கலக்கின்றன. பாகா ஆறு, பாராலாச்சா கணவாயை அடுத்த சூரஜ் தால் ஏரியில் தோன்றுகிறது. கட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டையூசி வளைவுகளில் ஏறித் திரும்பிப் பார்த்தால், நாம் கடந்த பாதை கீழே நூல்போல் கிடக்கும். பாங் தாண்டியபின், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள மோரே சமவெளி விரிகிறது. 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லங் கணவாயிலிருந்து இறங்கினால், உப்ஷியில் சிந்து நதி எதிர்ப்படும்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அலுவலக நண்பருடன் இவ்வழியே சென்றேன். பயணத் திட்டத்தை வகுத்தவன் நானே. இருந்த விடுப்பைத் தொலைவால் வகுத்து, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் எனப் பட்டியலிட்டேன். உயரத்திற்கென்று அப்பட்டியலில் ஒரு பத்தியும் இல்லை.

ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜிஸ்பாவில் ஓரிரவு தங்கினோம். மறுநாள் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா கணவாயைக் கடந்து, 4,290 மீட்டர் உயரமுள்ள சர்ச்சுவை அடைந்தோம். தூங்கும் உயரம் ஒரே நாளில் 1,000 மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. இரவில் நண்பருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. விடியற்காலையில் அவரால் நேராக நடக்க இயலவில்லை.

மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவின் இருபுறமும் கணவாய்களே உள்ளன. முன்னே சென்றால் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் கணவாய். பின்னே திரும்பினால் மீண்டும் பாராலாச்சா. எத்திசையிலும் இறங்குமுன் ஏறியாக வேண்டும். எளிதில் வெளியேற இயலாத முதலீட்டில் முழுச் சேமிப்பையும் முடக்காதீர் என்று வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் சொல்லும் நான், நண்பரை அத்தகைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

கூடாரம் நடத்தியவர் தம் வாகனத்தை உடனே எடுத்தார். கணவாயை விரைந்து கடந்து, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள கேலாங் மருத்துவமனையை அடைந்தோம். மாலைக்குள் நண்பர் தேறினார். “லே எங்கும் போய்விடாது, சார், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு நான்கு நாட்கள் கூடுதலாக விடுப்பு எடுத்துச் சென்றோம். இடையில் உயரம் சிறிது சிறிதாகக் கூடுமாறு இரவுத் தங்கல்களை வகுத்தோம். தலைவலி தோன்றிய நாளில் மேலே செல்லாமல் தங்கினோம். இருவரும் லே சேர்ந்தோம்.

புறப்படுமுன்

1. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை முழு ஓய்வு கொள்க. இதய நோய், சுவாச நோய் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரையின்றிச் செல்லலாகாது.

2. திட்டத்தில் குறைந்தது இரண்டு நாட்களை ஒதுக்கீடாக வைத்திருங்கள். நிலச்சரிவு, பனி, உடல்நலக் குறைவு ஆகிய மூன்றுக்கும் அதுவே காப்பு.

3. கேலாங்கிற்கு அப்பால் கைப்பேசித் தொடர்பு இல்லாத நீண்ட பகுதிகள் உள்ளன. அங்குக் கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம் பயன்படாது. ஆதலால் உணவு, தங்கல், அவசர வாகனம் ஆகியவற்றிற்குப் போதிய ரொக்கத்தைச் சிறு நோட்டுகளாக, இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்க.

4. பயணக் காப்பீடு எடுக்கும்போது, உயர்மலைப் பயணமும் மிதிவண்டிப் பயணமும் அதில் அடங்குமா என்பதை நிபந்தனைகளில் படித்து உறுதி செய்க.

5. மாற்றுக் குழாய்கள், ஒட்டுப்போடும் பொருட்கள், கைப்பம்பு, பிரேக் கட்டைகள், சில ஆரக்கம்பிகள் உடனிருக்கட்டும். நீண்ட இறக்கத்திற்கு முன் பிரேக்கைச் சோதித்துக்கொள்க.

6. வண்டிக்கும் பயணத்திற்குமாக 60,000 ரூபாய் தேவை எனில், மாதம் 5,000 ரூபாய் வீதம் 12 மாதத் தொடர் வைப்பு அதனை நிறைவு செய்யும். கிடைக்கும் வட்டியை அவசரச் செலவுக்கென ஒதுக்கலாம். சேமிக்கும் அந்த ஓராண்டிலேயே, சுமையேற்றிய வண்டியை அருகிலுள்ள மேட்டுப்பாதைகளில் ஓட்டிப் பழகவும் முடியும்.