தரவுத்தளமும் பக்கவண்டியும்

நம் சங்கக் குடும்பங்களில் கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். "டேட்டாபேஸுக்கு சைடுகார் சேர்க்கிறோம்" என்று அவர்கள் தொலைபேசியில் பேசுவது பெற்றோர் காதிலும் விழுந்திருக்கும். சைடுகார் என்றால் என்ன, அதைச் சேர்க்கும்போது எதில் கவனம் தேவை என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஒரே வீடு, பல குடித்தனம்

ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டித் தனியே இயக்கும் முறைக்குக் கன்டெய்னர் என்று பெயர். பல கணிப்பொறிகளை ஒரு கூட்டமாக இணைத்து, அவற்றில் கன்டெய்னர்களை இயக்கி மேற்பார்வை செய்யும் மென்பொருள் குபெர்னெட்டீஸ். கூகுள் நிறுவனம் இதை 2014-ல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் இதற்குச் 'சுக்கான் பிடிப்பவர்' என்று பொருள்.

குபெர்னெட்டீஸ் எந்தக் கன்டெய்னரையும் 'பாட்' என்ற தொகுதிக்குள் வைத்தே இயக்கும். பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டைப் போன்றது பாட். வாசல் முகவரி ஒன்றே. அடுப்பு மட்டும் தனித்தனி. அதுபோலப் பாடுக்குள் இருக்கும் கன்டெய்னர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஐ.பி. முகவரி; கோப்புகள் தனித்தனி. வேண்டுமானால் ஒரு வட்டைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். முக்கிய வேலை செய்யும் கன்டெய்னரின் பக்கத்தில் உதவிக்கு வைப்பதே சைடுகார். மோட்டார் சைக்கிளோடு பொருத்தும் பக்கவண்டியிலிருந்து வந்த பெயர் இது.

உதவி எதற்கு?

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். தரவைக் காப்பது அதன் வேலை. எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், நகல் தளம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற கணக்குகளை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். 'போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர்' என்ற சைடுகார் அதைச் செய்கிறது. அதே பாடுக்குள் 5432-ஆம் போர்ட்டில் தரவுத்தளத்தைக் கேட்டு, விடையை 9187-ஆம் போர்ட்டில் தருகிறது. தரவுத்தளக் கன்டெய்னருக்குள்ளேயே இதையும் திணித்தால், தயாரித்தவர்கள் கொடுத்த பொதியை நாம் மாற்றிக் கட்ட வேண்டும். தனியே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்போர்ட்டர் விழுந்தாலும் அது மட்டும் மறுபடி எழுப்பப்படும்.

கவனிக்க வேண்டிய நான்கு

முதலாவது, மறுதொடக்கம். ஓடிக்கொண்டிருக்கும் பாடில் சைடுகாரைச் செருக முடியாது. பழைய பாட் போய்ப் புதிய பாட் வர வேண்டும். தரவுத்தளங்களை இயக்கும் 'ஸ்டேட்ஃபுல்செட்' முறையில், 3 பாட்கள் இருந்தால் வழக்கமாக 2, 1, 0 என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாறும். ஒரே பாட் என்றால் அந்த நேரம் தரவுத்தளம் நின்றுவிடும். சிறு சேர்க்கைதானே என்று பகலில் செய்தால் பணம் கட்டுவோர், பயணச்சீட்டு எடுப்போர் எல்லோரும் காத்திருக்க நேரும். 'ஆபரேட்டர்' என்ற மேற்பார்வை மென்பொருள் இருந்தால் மாற்றத்தை அதன் கோப்பில்தான் எழுத வேண்டும். நேரடியாகச் செய்த மாற்றத்தை அது அழித்துவிடக்கூடும்.

இரண்டாவது, நினைவகம். சைடுகாருக்கு நினைவக உச்சவரம்பு எழுதுங்கள். வரம்பு மீறினால் அது மட்டும் நிறுத்தப்படும். வரம்பே இல்லாவிட்டால் கணிப்பொறியின் நினைவகத்தைத் தின்று, பாட் முழுவதையும் வெளியேற்றும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

மூன்றாவது, 'ரெடி' நிலை. எல்லாக் கன்டெய்னர்களும் தயார் என்றால்தான் பாட் தயார். சைடுகாருக்கு வைத்த ரெடி சோதனை தோற்றால், தரவுத்தளம் நலமாக இருந்தும் அதற்கு வரும் இணைப்புகள் நிறுத்தப்படும். கணக்கெடுக்கும் சைடுகாருக்கு இச்சோதனையைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, வரிசை. முன்பெல்லாம் எது முதலில் எழும், எது கடைசியில் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2023-ல் வந்த 1.28 பதிப்பில் இதற்கு வழி பிறந்து, 2025-ல் 1.33 பதிப்பில் நிலைபெற்றது. சைடுகாரை 'இனிட் கன்டெய்னர்' பட்டியலில் எழுதி, 'ரீஸ்டார்ட் பாலிசி'யை 'ஆல்வேஸ்' என்று வைத்தால், அது முக்கியக் கன்டெய்னருக்கு முன் எழுந்து, அது நின்ற பிறகே நிற்கும்.

எது பக்கவண்டிக்கு ஆகாது?

தினமும் ஒருமுறை எடுக்கும் காப்புநகலைச் சைடுகாரில் வைக்காதீர்கள். 3 பாட்கள் இருந்தால் 3 முறை எடுக்கும். 'கிரான்ஜாப்' என்ற நேர அட்டவணை முறையே அதற்குப் பொருத்தம். ஓடும் தரவுத்தளத்தின் கோப்புகளைச் சும்மா பிரதி எடுப்பதும் தவறு. அந்த நகல் முன்னுக்குப்பின் முரணாக இருக்கும். சைடுகாருக்குப் பொது வட்டைக் கொடுத்தாலும் படிக்கும் உரிமை மட்டும் போதும். கணக்கெடுப்பவருக்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பு முதல் உள்ள 'பி.ஜி. மானிட்டர்' உரிமையே போதும்.

பயிற்சி

மாணவர்கள் வீட்டுக் கணிப்பொறியில் 'மினிகியூப்' நிறுவி, ஒரு போஸ்ட்கிரெஸ் பாட் அமைத்து, சில வரிகள் தரவு இட்டு, பிறகு எக்ஸ்போர்ட்டரைச் சேர்த்துப் பாருங்கள். பாடின் வயது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நீங்கள் இட்ட தரவு அப்படியே இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் நிலையான வட்டை இணைக்கவில்லை என்று பொருள். இந்தப் பாடத்தை வீட்டிலேயே கற்றுக்கொள்வது மேல். அலுவலகத்தில் கற்றால் பிறர் தரவு போய்விடும்.