நாள் கூலியா, மொத்த ரேட்டா?

மயிலாப்பூரில் எங்களுடையது எண்பது வருடப் பழைய வீடு. சுவர்ப்பூச்சையும் குளியலறையையும் சரிசெய்ய வேண்டும். நாள் கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகுமா?
– வாசகி, மயிலாப்பூர்

வீட்டில் யாராவது கூடவே இருந்து பார்க்க முடிந்தால் தாராளமாகக் கட்டுப்படியாகும், அம்மா. பழைய பூச்சைக் கொத்துவது, டைல்ஸ் உடைப்பது, குப்பையைக் கீழே இறக்குவது ஆகியவற்றை மொத்த ரேட்டுக்குப் பேசிவிடுங்கள். பூச்சும் குழாய் வேலையும் அவசரப்பட்டால் கெடும். அவற்றுக்கு நாள் கூலிதான் சரி.

பணம் கரைவது பெரும்பாலும் காத்திருப்பில்தான். கொத்தனாரும் சித்தாளும் காலையில் வந்து நிற்க, மணல் பதினோரு மணிக்கு வந்தால் அரைநாள் கூலி போச்சு. மாடவீதிப் பக்கத்துச் சந்துகளில் லாரி நுழையாது. குட்டியானையில் முந்தின நாளே இறக்கிவிடுங்கள். பூச்சுக்கு எம்-சாண்ட் வேண்டாம், பி-சாண்ட் கேளுங்கள்.

முதலில் சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை என்றால் அதன்மேல் சிமெண்ட் பூசவே கூடாது. ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், கூலி கூடுதலானாலும் பரவாயில்லை. குளியலறையில் சிமெண்ட் கலவையை அவ்வப்போது கொஞ்சமாகக் குழைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, இறுகிய கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளற விடாதீர்கள். அந்தப் பூச்சு நிற்காது.

இடிபாடுகளைத் தெருவில் கொட்டினால் அபராதம்; அவற்றை அகற்ற மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையைத் தொடங்காதீர்கள், தை பிறக்கட்டும். சனிக்கிழமை கூலியைப் பாக்கி வைக்காமல், சித்தாளின் பங்கை அவர் கையிலேயே கொடுங்கள்.