யார் வழியாக வேலை? எல்லையோர இளைஞர்களுக்கு ஒரு பாடம்

தேயிலை மலைகளில் வேலை என்பது தொடக்க நாள் முதலே ஓர் ஆள் வழியாக வந்து சேர்ந்தது. 1877-ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளுக்கான உரிமையை ஆங்கிலேயர் பெற்ற பின், காட்டைத் திருத்தித் தோட்டம் அமைக்கக் கைகள் தேவைப்பட்டன. அக்கைகளைத் திரட்டியவர் கங்காணி. அவர் தமிழக ஊர்களுக்குச் சென்று, உறவினரிடமும் தெருவாரிடமும் பேசி, முன்பணம் கொடுத்து, கூட்டம் கூட்டமாக மலைக்கு அழைத்து வந்தார். வேலை வாங்கித் தந்தவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே, வேலையை மேற்பார்த்தவரும் அவரே. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வேலைத் தொடர்பு இப்படித்தான் அமைந்தது.

கங்காணி முறை மறைந்துவிட்டது. ஆனால் 'யார் வழியாக' என்ற கேள்வி மறையவில்லை. பட்டம் பெற்ற பிள்ளைக்கு வேலை தேடும் வீடுகளில் இன்றும் முதலில் எழுவது அக்கேள்விதான். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பகுதிகளிலும், இடுக்கியில் மூணாறு, மறையூர், குமுளி பகுதிகளிலும் உள்ள நம் இளம் வாடிக்கையாளர்களுக்காக இக்கேள்வியைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இங்கே வேலைதேடல் ஒருவருடைய தனிப்பட்ட முன்னேற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் உரிமை, பொதுவாக அத்தோட்டத்தில் வேலை செய்வதோடு பிணைந்தது. தாயும் தந்தையும் ஓய்வு பெறும் நாள் வந்தால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அல்லது பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். வணிகவியல் படித்த மகள் கோயம்புத்தூரில் ஆறு மாதம் வேலை தேடலாமா, அல்லது கொழுந்து பறிக்கப் போக வேண்டுமா என்பது அவ்வீட்டில் கூரையைப் பற்றிய கேள்வி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது, தோட்ட வேலையை மட்டும் நம்பிய குடும்பங்கள் எவ்வளவு துயருற்றன என்பதை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே தேடலைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம், பெற்றோரின் ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே.

நெருங்கியவரும் தெரிந்தவரும்

வேலை யார் வழியாக வருகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். ஆய்வுக் கட்டுரை 1973-இல் வெளிவந்தது. அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றவர்களிடம், அந்த அறிமுகமானவரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்றோர் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர் என்றோர் 55.6 விழுக்காட்டினர். அரிதாகவே சந்திப்பவர் என்றோர் 27.8 விழுக்காட்டினர்.

இதன் காரணம் எளியது. நம் சித்தப்பாவுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அவரும் நாமும் ஒரே வட்டத்தில் இருக்கிறோம். கல்லூரியில் நமக்கு ஐந்து ஆண்டு மூத்தவராக இருந்து இப்போது வேறு ஊரில் பணிபுரியும் ஒருவர் வேறு வட்டத்தில் இருக்கிறார். நமக்கு எட்டாத செய்தி அவரிடம் இருக்கிறது.

2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இக்கருத்தை லிங்க்டுஇன் தளத்தின் ஏறத்தாழ இரண்டு கோடிப் பயனாளரிடம் சோதித்துப் பார்த்தது. முற்றிலும் அறியாதவரைவிடவும், மிக நெருங்கியவரைவிடவும், ஓரளவு பழக்கமுள்ளவரே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினர் என்று அது கண்டது. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. அதை நம் பகுதியினர் கவனிக்க வேண்டும். கணினி சார்ந்த துறைகளில் மெல்லிய அறிமுகம் பயன்பட்டது; கணினியை அதிகம் சாராத துறைகளில் நெருங்கிய உறவே கூடுதலாகப் பயன்பட்டது. தோட்டம், ஏலக்காய் வணிகம், லாரிப் போக்குவரத்து போன்றவற்றில் மாமன் மைத்துனர் சொல்லுக்கு இன்றும் மதிப்புள்ளது ஏன் என்பது இதனால் விளங்கும். மென்பொருள் நிறுவனத்துக்கோ மருத்துவமனை நிர்வாகத்துக்கோ செல்ல விரும்புவோர் உறவு வட்டத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது.

எல்லையோரத்தில் பிறந்தவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இருபுறமும் அறிமுகம் வைத்திருப்பது அவருக்கு இயல்பு. வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூரின் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழில்களும் மருத்துவமனைகளும் உள்ளன. இப்பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பெமல், ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் ஆலைகளோடு தனியார் ஆலைகளும் இயங்குகின்றன. 2015-இல் தொடங்கப்பட்ட பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அங்கேதான் உள்ளது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 12 புதிய தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. அது கட்டி முடியும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. அங்கே வரும் நிறுவனங்களுக்கு முதலில் தேவைப்படுவோர், அருகிலுள்ள ஆலைகளில் ஏற்கெனவே தொழிற்பழகுநர் பயிற்சி முடித்தவர்களாகவே இருப்பர் என்று எதிர்பார்க்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் இப்பயிற்சியை உதவித்தொகை குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஓராண்டு ஓர் ஆலைக்குள் நடமாடினால் கிடைக்கும் அறிமுகங்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடுக்கிப் பக்கம் ஏலக்காய் நல்ல எடுத்துக்காட்டு. வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும், எல்லைக்கு அப்பால் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. விளைவிப்பவர் ஒரு மாநிலத்திலும் வாங்குபவர் மற்றொன்றிலும் இருக்கும் வணிகம் இது. கணக்கு எழுதுவோர், தரம் பிரிப்போர், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்போர் என்று இதில் படித்தவர்க்கும் இடமுண்டு. இவ்வேலைகளுக்கு நாளிதழில் விளம்பரம் வருவது குறைவு. ஏலக்கூடத்துக்கு வந்து போவோரிடையே பேச்சாகவே பரவுகின்றன. 2023 ஜூன் முதல் போடிக்கு மீண்டும் ரயில் வந்து சேர்ந்திருப்பது மதுரை, சென்னைத் தொடர்பையும் எளிதாக்கியுள்ளது.

வேலை கேட்காமல் வேலை தேடுதல்

அறிமுகத்தை எப்படித் தொடங்குவது? பலர் தயங்குவது இங்கேதான். "எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்ற செய்தியைப் பெறுபவர் சங்கடப்படுவார். வேலை தரும் அதிகாரம் அவரிடம் இருக்காது. மறுக்கவும் மனம் வராது. பதிலே எழுதாமல் விட்டுவிடுவார். மாறாக, விவரம் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வர். சித்தூர் அரசுக் கல்லூரி மாணவர் ஒருவர், தம் துறையில் முன்பு படித்தவருக்கு இவ்வாறு எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. நான் சித்தூர் கல்லூரியில் வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். நீங்களும் இதே துறையில் படித்தவர் என்று ஆசிரியர் சொன்னார்கள். உங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் புதியவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? டேலி போதுமா, ஜி.எஸ்.டி. தாக்கலும் கற்க வேண்டுமா? உங்களுக்கு வசதியான நேரத்தில் பத்து நிமிடம் பேச இயலுமா?"

தம்மை யார் என்று சொல்லி, இருவருக்கும் பொதுவானதைக் காட்டி, விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் கேட்டு முடிகிறது இச்செய்தி. தன்விவரக் குறிப்பை முதல் செய்தியிலேயே இணைக்க வேண்டாம். அவர் கேட்டால் அனுப்பலாம். அவர் சொன்னதைக் கற்று முடித்த பின் மறுபடி ஒருமுறை எழுதி, "நீங்கள் சொன்னபடி செய்தேன்" என்று தெரிவிப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரின் பெயர்தான், இடம் காலியாகும் நாளில் நினைவுக்கு வரும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் இங்கே சொல்ல வேண்டும். திருப்பூர், கோவை, சென்னை, பெங்களூரு என்று பிரிந்து போனவர்கள் அந்த இரண்டு மூன்று நாட்களில் ஊர் திரும்புகிறார்கள். எந்தத் தளமும் காட்டாத பட்டியல் அது. யார் எங்கே என்ன வேலையில் இருக்கிறார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நன்று.

இரண்டு மொழி, இரண்டு மாநிலம், ஒரே பெயர்

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் வரையப்பட்டபோது, இப்பகுதித் தமிழர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். இதன் சுமை அனைவருக்கும் தெரியும். பயன் பலருக்குத் தெரிவதில்லை. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வில் எந்த மாநிலக் காலியிடத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அம்மாநில மொழியில் தேர்ச்சி வேண்டும். தமிழைப் பாடமாகப் படித்த கேரள இளைஞர் தமிழகக் காலியிடங்களுக்கும், மலையாளம் படித்தவர் கேரளக் காலியிடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் அறிந்தவர், காலியிட எண்ணிக்கையையும் முந்தைய ஆண்டுகளின் தகுதி மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு தேர்வுக்கு ஒரு மாநிலம் மட்டுமே; பின்னர் மாற்ற இயலாது.

கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர், தமிழ்வழி ஆசிரியர் போன்ற இடங்களுக்குத் தனி அறிவிப்பு வெளியிடுவதுண்டு. ஒருமுறைப் பதிவு செய்து வைத்தால் மட்டும் போதாது. விண்ணப்பித்த பின், தேர்வு எழுதுவதை உரிய நாளுக்குள் உறுதி செய்யவும் வேண்டும். செய்யாவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும்.

சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியுள்ளது. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியே 1950-இல் வெளியிடப்பட்டது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடியேறியவர், குடியேறிய மாநிலத்தில் அந்த இட ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. எனவே தோட்டக் குடும்பங்கள் பல, 1950-க்கு முன்பே தம் முன்னோர் இங்கே இருந்தனர் என்பதை ஆவணத்தால் காட்ட வேண்டிய நிலையில் உள்ளன. தாத்தாவின் பழைய தோட்டப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தேவாலயப் பதிவு போன்றவற்றைத் தேடி எடுக்கப் பல மாதங்கள் ஆகலாம். நேர்காணல் அழைப்பு வந்த பின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் காலம் போதாது. மத்திய அரசுப் பணிகளுக்கு, தந்தையின் பூர்விக மாநிலச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு குடியேறியோருக்கான சான்றிதழ் பெறும் வழி தனியே உண்டு என்பதையும் விசாரித்து அறிக.

பெயரும் அப்படியே. தமிழ் முறையில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், ஆதாரில் அது விரிந்து வேறுவிதமாகவும், நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருப்பது எல்லையோரத்தில் மிகச் சாதாரணம். மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுத்தும் மாறிவிடுகிறது. வேலை கிடைத்த பின் ஊதியக் கணக்கு தொடங்கவும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கை இணைக்கவும் இது தடையாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலுள்ள பெயரையே அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்வதே குறைந்த அலைச்சலுள்ள வழி.

தேடலுக்கும் ஒரு கணக்கு

கல்விக்கடன் பெற்றவர்களுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை தொடங்காது. வட்டி மட்டும் அக்காலத்திலும் சேர்ந்துகொண்டே வரும். எனவே அந்த ஓராண்டை ஓய்வாகக் கருதலாகாது. மூணாற்றிலிருந்து கோவையில் காலை ஒன்பது மணி நேர்காணலுக்குச் செல்ல முந்தைய நாளே புறப்பட வேண்டும். பேருந்து, தங்குமிடம், உணவு என்று செலவாகும். படிக்கும் காலத்திலேயே மாதம் ரூ.500 தொடர் வைப்பில் இட்டால் ஓராண்டில் ரூ.6,000-மும் வட்டியும் சேரும். சில நேர்காணல்களுக்கு அது போதும். அதற்காகக் கைமாற்று வாங்க வேண்டியதில்லை.

நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. தோட்டத்தில் 30 ஆண்டு உழைத்த தாய்க்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கிறது. நாட்கூலி ரூ.450 என்று கொண்டால் அது ரூ.2,02,500. ஒரு குடும்பத்தின் கையில் ஒரே முறை வரும் பெருந்தொகை. லயத்தை விட்டு வெளியேறினால் வாடகை முன்பணத்துக்கோ நிலத்துக்கோ ஆக வேண்டியது. அதையே வெளிநாட்டு வேலைக்கென்று முகவரிடம் கொடுத்துவிடுவோர் இருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற முகவர் ஒருவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000-மும் அதன்மீதான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் காணலாம். கேரள அரசின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் அமைப்புகளும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் தேர்வு செய்கின்றன. கம்போடியா, மியான்மர் நாடுகளில் கணினித் தட்டச்சு வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அவர்களுள் பலரை ஏமாற்றியவர்கள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர்களே.

இன்னொரு வலையும் உண்டு. "வீட்டிலிருந்தே வேலை; உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும்; கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும்" என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது உங்கள் உழைப்பை அன்று; திருட்டுப் பணம் கடந்து செல்ல ஒரு கணக்கை. வழக்கு வரும்போது கணக்கு முடக்கப்படும். காவல்துறை தேடி வருவது கணக்குக்கு உரியவரை. பாஸ்புத்தகம், ஏ.டி.எம். அட்டை, சிம் அட்டை ஆகியவற்றை வேலைக்கென்று யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பணம் பறிபோய்விட்டால் அன்றே 1930 என்ற எண்ணை அழையுங்கள். கிளையிலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால், பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.