மீன் தொட்டி விளக்குக்கு எந்த லென்ஸ்?

மளிகையோடு மீன் தீவனம், தொட்டிச் சாமான்களும் வைத்திருக்கும் சங்க உறுப்பினர்கள் சிலர், கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு வரும்போது நம்மிடம் எல்.இ.டி. லென்ஸ் கேட்கிறார்கள். வீட்டிலேயே விளக்கு செய்யும் வாடிக்கையாளருக்காம். "வெளிச்சம் அதிகம் தருகிற லென்ஸ் கொடுங்கள்" என்பார்கள். லென்ஸ் வெளிச்சத்தை உண்டாக்காது. இருப்பதைக் குவிக்கும், அவ்வளவுதான்.

லென்ஸ் இல்லாத எல்.இ.டி. பெரும்பாலும் 120 டிகிரி விரியும். ஓர் அடி தூரத்தில் 90 டிகிரி லென்ஸ் 2 அடி அகல வட்டம் போடும். 60 டிகிரி ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல். 40 டிகிரி முக்கால் அடிகூட இல்லை. தண்ணீருக்குள் இன்னும் சுருங்கும்.

ஒருமுறை ஒன்றரை அடி ஆழத் தொட்டிக்கு 40 டிகிரி லென்ஸ் 24 விற்றோம். வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. நீலம் ஒருபுறம், வெள்ளை மறுபுறம். நேர் கீழே இருந்த செடியில் பாசி. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். ஆழத்தைக் கேட்காதது நம் பிழை.

ஆகவே முதலில் ஆழத்தைக் கேளுங்கள். ஒன்றரை அடி வரை லென்ஸே வேண்டாம்; விற்பனை குறைந்தால் குறையட்டும். 2 அடிக்கு 90 டிகிரி போதும். அதற்கு மேல் ஆழமென்றாலோ, விளக்கு உயரத்தில் தொங்கினாலோ 60. எல்.இ.டி.யின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்தே கொடுங்கள். உப்புநீர்த் தொட்டியானால், லென்ஸில் படியும் உப்பை விளக்கை அணைத்துவிட்டு ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.