மலையூர் ஷெனீனி

வட ஆப்பிரிக்காவில், துனீசியா நாட்டின் தென்பகுதியில், தத்தாவீன் நகருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஷெனீனி என்னும் மலையூர் உள்ளது. அங்கு வாழ்வோர் பெர்பெர் இனத்தவர். அரபு மொழி வழங்கும் நாட்டில் தம் தாய்மொழியை இன்றும் காத்து வருபவர். உழவும் நெசவும் ஒருங்கே வளர்ந்த ஊராதலின், அதனை நாம் கருத்துடன் காண்பது தகும்.

வீடும் களஞ்சியமும்

அம்மலையில் கடும்பாறையும் மென்பாறையும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மென்மையான அடுக்கைக் குடைந்து மக்கள் வீடு செய்தனர்; மேலுள்ள கடும்பாறையே கூரையாயிற்று. கோடையில் அவ்வீடுகள் குளிர்ச்சி தரும். மலையுச்சியில் ஊரின் களஞ்சியம் நின்றது. குடும்பங்கள் தத்தமக்குரிய அறையில் தானியமும் எண்ணெயும் சேர்த்தன. காவலோ எல்லோருக்கும் பொது. பகைவர் வந்தால் அதுவே கோட்டை.

நீரைத் தேக்கும் கரைகள்

அங்குப் பெரும்பாலான ஆண்டுகளில் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் ஒலிவமும் அத்தியும் காய்க்கின்றன. எவ்வாறு? ஓடையின் குறுக்கே மண்ணாலும் கல்லாலும் கரை எழுப்புவர். மலைச்சரிவில் இறங்கும் மழைநீர் கரையில் தடைப்பட்டு நிலத்தில் ஊறும். உடன்வந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்து வயலாகும். மிகுநீர் கலிங்கு வழியே அடுத்த வயலுக்கு இறங்கும். இவ்வமைப்பினை ஜெசூர் என்பர். மேற்கரை உடைந்தால் அவ்வெள்ளம் கீழ்க்கரையையும் தகர்த்துவிடும். ஆதலின் ஒருவரது அசட்டை பலரது நட்டமாகும்.

கம்பளியில் பருத்திப் பூ

அவ்வட்டாரப் பெண்கள் நெய்யும் தலைப்போர்வைக்குப் பக்நூக் என்று பெயர். வெள்ளைக் கம்பளி நூலில் போர்வையை நெய்து, வெள்ளைப் பருத்தி நூலால் பூவேலை செய்வர். தறியிலிருக்கையில் பூவேலை கண்ணுக்கு எளிதில் தெரியாது. கம்பளியில் பற்றிப் பருத்தியில் பற்றாத செஞ்சாயத்தில் துணியைத் தோய்த்தவுடன், சிவந்த பரப்பில் வெண்பூக்கள் தோன்றும்! நூலின் இயல்பையும் சாயத்தின் இயல்பையும் நன்கறிந்தோர் கண்ட முறை இது.

இன்றைய நிலை

துனீசியா 1956இல் விடுதலை பெற்றபின், மலையடியில் புதிய ஊர் அமைந்தது. குடும்பங்கள் பல அங்குக் குடியேறின; இளைஞர் பலர் பிழைப்பு நாடி நகரங்களுக்கும் வெளிநாட்டுக்கும் சென்றனர். களஞ்சியம் இடிந்து கிடக்கிறது. அவ்விடிபாட்டைக் காணவே வெளியூரார் வருகின்றனர். இடிந்த களஞ்சியத்தைக் காட்டிப் பொருள் ஈட்டலாம். உடைந்த கரையால் ஒரு மரமும் பிழைக்காது. ஆண்டுதோறும் கரைக்கு மண்ணிட ஆளும், தறியில் கற்றுக்கொள்ள மகளும் இருக்கும்வரையே அவ்வூரின் மரபு உயிரோடிருக்கும். முன்னோர் விட்டுச் சென்றதைப் புகழ்வது எளிது. கூடிப் பேணுவதே கடமை என்பதை நாம் ஷெனீனியிடம் கற்கிறோம்.

அங்கத்தினர் சிந்திக்க:

1. மேற்கரையின் பழுதை ஊரார் அனைவரும் கவனிக்க வேண்டுவது ஏன்?

2. பக்நூக் முழுவதும் பருத்தியாலேயே நெய்யப்பட்டால், சாயமிட்டபின் பூக்கள் தெரியுமா?