வாய்க்கால் நீரும் கமக்காரரின் பழக்கங்களும்

ஒரு வாய்க்காலில் நீர் பெறுவோர் பலர். தலைப்பில் உள்ளவர் இரவில் மடையைத் திறந்துவிட்டு உறங்கினால், கடைப்பகுதியில் நெற்பயிர் குடலைப் பருவத்திலே வாடும். அப்பருவத்திலும் பூக்கும் காலத்திலும் நீர் குறையுமாயின் பதர் மிகும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் இழந்த விளைவு மீளாது.

அம்பாறை மாவட்டத்துக் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் இக்குறை நெடுங்காலம் இருந்தது. 1981ஆம் ஆண்டில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அங்கு ஒரு முயற்சியைத் தொடங்கின. படித்த இளைஞர்கள் கமக்காரரிடையே தங்கி, ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் நீர் பெறுவோரை ஒன்றுகூட்டினர். சங்கம் அமைத்து விதி எழுதுவது முதலில் நடைபெறவில்லை. வாய்க்காலைத் துப்புரவாக்குதல், முறைவைத்து நீர் விடுதல், மிச்சப்படும் நீரைக் கடைப்பகுதிக்கு அனுப்புதல் ஆகிய வேலைகளே முந்தின. பிரதிநிதிகளும் போட்டியின்றி, எல்லோரதும் சம்மதத்துடனேயே தெரிவு செய்யப்பட்டனர். அவ்வாண்டு குளத்தில் நீர் மிகக் குறைவு. தட்டுப்பாடு வந்தால் சண்டைதான் வரும் என்பார்க்கு இது தக்க விடையாகும்.

எனினும், பிறரோடு கூடிச் செய்யும் வேலை தனி ஒருவரின் பழக்கத்தையே நம்பியிருக்கிறது. வெயில் ஏறுமுன் வரம்பைச் சுற்றி வருக. நண்டு வளை, எலி வளை வழியே நீர் ஒழுகின் உடனே சேறு வைத்து அடைத்திடுக. கசிவை அடைக்காதவர் அயலவர் நீரைத் திருடினார் என்று முறையிடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம்! முறை தொடங்குமுன்னரே மடைக்குச் செல்க. முறை முடிந்ததும் தாமே மடையை அடைத்து, அடுத்தவருக்கு அறிவித்த பின்னரே வீடு திரும்புக. வர இயலாதாயின் முதல் நாளே சொல்லியனுப்புதல் வேண்டும். பிணக்கு நேர்ந்தால் இரவில் வரம்பில் நின்று வாதிடாது, காலையில் பிரதிநிதியிடம் கூறுக.

ஒரு சிறு கொப்பியும் அவசியம். விதைத்த தேதி, பசளையிட்ட தேதியும் அளவும், நீர் வந்த நேரம், நின்ற நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. கண்பார்வை மங்கியவர் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். மிளகாய், கத்தரி செய்வோர் மருந்தின் பெயரையும் தெளித்த தேதியையும் தவறாது குறித்தல் வேண்டும். சிட்டையிற் கூறிய நாட்கள் கழியுமுன் காய் பறித்தால், வாங்கி உண்பவருக்கு நஞ்சு சேரும்.

நீர் நேரத்தைப் பற்றி விவாதம் எழும்போது நினைவு ஒருவருக்கொருவர் வேறுபடும், எழுத்து வேறுபடாது. ஆதலால், அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு அக்கொப்பியைக் கையோடு கொண்டு செல்க.