வேடமும் மனிதரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் சிவகிரி. சங்கரன்கோவில், சிவகாசி, மதுரை எனப் பரந்து கிடக்கும் தென்பாண்டிச் சீமையில், கோயில் திருவிழா என்றால் இரவெல்லாம் நாடகம் நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். அந்நாடகங்களுள் மக்கள் பெரிதும் விரும்பிக் கண்டது ‘வள்ளி திருமணம்’. அதில் முருகனாக வேடம் புனைந்து அழியாப் புகழ் பெற்றவர் விசுவநாததாஸ்.

இவர் 1886-ஆம் ஆண்டு சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் செய்வோர் குலத்தில் பிறந்தார். இளமையிலேயே இனிய குரல் வாய்க்கப்பெற்ற இவர், நாடக மேடையைத் தம் வாழ்வாகக் கொண்டார். பின்னாளில் திருமங்கலத்தில் வாழ்ந்தார்.

அக்காலத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றொரு முறை இருந்தது. பல ஊர் நடிகர்கள் ஓரிரவுக்கென ஒன்றுகூடி நடிப்பர். கதை யாவரும் அறிந்தது. அதனிடையே தத்தம் திறமைக்கேற்பப் பாட்டும் வாதமும் சேர்த்துக்கொள்ள நடிகர்க்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைத் தாஸ் நாட்டு விடுதலைக்குப் பயன்படுத்தினார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில், வெண்ணிறக் கொக்கைப் பாடும் பாட்டு வெள்ளையர் ஆட்சியைச் சுட்டுவதாயிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய தேசியப் பாடல்களும் புராண நாடகத்தினூடே முழங்கின. எழுத்தறியா உழவரும் அவற்றின் பொருளை உணர்ந்து ஆரவாரித்தனர்.

அரசாங்கம் வாளாவிருக்குமோ? நாடகங்களை அடக்குதற்கென 1876-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. மேடையின் பக்கத்தே போலீசார் காத்து நின்றனர். தாஸ் 29 முறை சிறைப்பட்டார் என்பர். இவருக்காக வ. உ. சிதம்பரனார் நீதிமன்றத்தில் வாதாடினார். சிறையினின்று மீண்டதும் தாஸ் மறுபடியும் மேடையேறினார், மறுபடியும் பாடினார்.

சிறையினும் கொடியதொரு துன்பமும் இவருக்கு இருந்தது. முருகனாக இவர் தோன்றியபோது மக்கள் கைகூப்பினர். ஆனால், இவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, இவருடன் இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி வர மறுத்தால் முருகன் யாருடன் வாதிடுவார்? அன்றைய நாடகமே நின்றுவிடுமன்றோ? வேடத்தை வணங்கிய உலகம், வேடம் பூண்ட மனிதரை விலக்கியது. அந்நிலையில் இவருடன் நடிக்கத் துணிந்து முன்வந்தவர் கே. பி. ஜானகி அம்மாள். பின்னாளில் விடுதலைப் போராட்ட வீராங்கனையாகவும், 1967-இல் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர் அவரே.

1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடந்தது. மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே விசுவநாததாசின் உயிர் பிரிந்தது. இன்று திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் உள்ளது.

மாணவர்களே! தாஸ் இருமுனைப் போர் புரிந்தவர். அயலார் ஆட்சியை எதிர்த்த போரில் அவருடன் நாடே நின்றது. சாதி இழிவை எதிர்த்த போரிலோ அவருடன் நின்றோர் மிகச் சிலர். முதற்போர் 1947-இல் முடிந்தது. ஒருவரின் கலையைப் போற்றிவிட்டு, அவரை அருகில் அமர்த்தத் தயங்கும் மனம் எங்கே உள்ளதோ, அங்கே இரண்டாவது போர் இன்னும் முடியவில்லை. அதனை முடித்துவைப்பது நும் தலைமுறையின் கடமையாகும்.